ஜெராய் மலையின் சிவப்பும் ஒரு சுண்ணாம்புக் கரண்டகமும்

மைத்துனனைச் சயாமுக்குப் போகவிடாமல் தடுப்பதற்காக நானே சயாமுக்குப் போய்வந்தேன். சொன்னால் சிரிக்கிறார்கள். ஜப்பான் காலத்தில் இதைவிடக் கோணலான காரியங்களும் நடந்தன. மலாயாவின் பட்டர்வொர்த்தில் என் மளிகைக் கடையிலிருந்து வடக்கே போய் மூடா ஆற்றைத் தாண்டினால் கெடா. காலையில் சுங்கைப்பட்டாணிக்குப் போய்ச் சரக்கு எடுத்துக்கொண்டு சாயங்காலம் வீடு திரும்பியவன் நான். திடீரென்று ஒரு நாள் ஜப்பான்காரன் கெடாவைத் தூக்கிச் சயாம்காரனுக்குக் கொடுத்துவிட்டான். ஆறு அதே ஆறு, பாலம் அதே பாலம், அக்கரை மட்டும் வெளிநாடு ஆகிவிட்டது.

நான் அந்த வெளிநாட்டுக்குப் போனதற்குக் காரணம் இரண்டு. ஒன்று என் மைத்துனன் மாணிக்கம். மற்றொன்று என் வாய்.

மாணிக்கம் என் மனைவி பார்வதியின் தம்பி. திடலில் இலவசமாகப் படம் காட்டுகிறார்கள் என்று புதுச் சட்டை மாட்டிக்கொண்டு ஓடினான். படம் முடியுமுன் லாரிகள் வந்து நின்றன. இளவட்டங்களாகப் பார்த்து ஏற்றிக்கொண்டுபோய் ரயில் நிலையத்தை ஒட்டிய கிடங்கில் அடைத்துவிட்டார்கள். சயாமில் ரயில் பாதை போட்டு முடித்தாயிற்று என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் ஆள் கொண்டுபோவது மட்டும் முடியவில்லை. போனவர்களில் திரும்பி வந்தவர் எவரையும் நான் கண்டதில்லை. இவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ரயில் என்று தெரிந்தது. பார்வதி சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். பேச்சை நிறுத்தவில்லை.

கிடங்குக்குப் பொறுப்பாக ஒரு கேப்டன் இருந்தார். கடையில் மிச்சமிருந்த நல்ல தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் குனிந்து நின்றேன். அவருக்கு மொழிபெயர்க்க லிம் என்று ஒரு தைவான்காரர். கேப்டன் பேசுவதை எனக்கு மலாயில் சொல்வார், நான் மலாயில் சொல்வதை அவருக்கு ஜப்பான் மொழியில் சொல்வார். கேப்டன் எண்ணெயைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவருக்கு வேறு கவலை. சனிக்கிழமை இரவு அவருடைய மேலதிகாரி விருந்துக்கு வருகிறார். இருவரும் ஜப்பானில் ஒரே மலைநாட்டுக்காரர்கள். அங்கே மலைச்சரிவெல்லாம் திராட்சைத் தோட்டமாம். பெரியவருக்கு மலையில் விளைந்த சிவப்பு ஒயின் இல்லாமல் சாப்பாடு இறங்காதாம். வெள்ளைக்காரன் விட்டுப்போன புட்டிகளையெல்லாம் சிப்பாய்கள் முதல் வாரத்திலேயே குடித்துத் தீர்த்துவிட்டார்கள்.

நுணலும் தன் வாயால் கெடும். "துவான், நான் திராட்சை ஊர்க்காரன். கொடிக்கடியில் தொட்டில் கட்டி வளர்ந்தவன்" என்று சொல்லிவிட்டேன்.

உண்மை என்னவென்றால், நான் மேகமலை அடிவாரத்துச் சின்னமனூர்க்காரன். எங்கள் வீட்டில் கொடி என்றால் வெற்றிலைக்கொடி. திராட்சை விளைந்தது சில ஊர் தள்ளி ஒரு பாதிரியார் பங்களாவில். சின்ன வயதில் வேலி ஏறிக் குதித்து ஒரு கொத்துப் பறித்தேன், பிடிபட்டேன், புளியம் விளாறால் வாங்கினேன். எனக்கும் திராட்சைக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். ஒயினை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

கேப்டன் முகம் மலர்ந்துவிட்டது. என்னை உட்காரச் சொன்னார். கையை ஆட்டி ஆட்டி வெகுநேரம் பேசினார். லிம் ஒவ்வொரு துண்டாக எடுத்துச் சொன்னார்.

"மலை ஒயின் வேறு, சமவெளி ஒயின் வேறு என்கிறார். மலையில் பகல் வெயில் கிட்டே நின்று சுடும். ராத்திரி குளிர் பிடித்து நெரிக்கும். பழம் சிறுத்துத் தோல் தடித்துவிடும். நிறம் நல்ல கருஞ்சிவப்பு. வாயில் வைத்ததும் நாக்கின் ஓரத்தில் புளிப்புக் குத்தும். அப்புறம் ஈறெல்லாம் துவர்த்து இழுக்கும். சமவெளி ஒயின் விருந்துக்கு வந்த சித்தி மாதிரி கொஞ்சும். மலை ஒயின்..." லிம் கேப்டனிடம் இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். "மலை ஒயின் மாமியார் மாதிரி என்கிறார். பழகினால்தான் அருமை தெரியுமாம்."

கெடாவில் ஜெராய் மலை உச்சியில் வெள்ளைக்காரர்கள் ஓய்வெடுக்கும் பங்களா ஒன்று இருந்தது. அங்கே ஒரு துரை திராட்சை போட்டு ஒயினும் செய்தான் என்று கேப்டன் காதுக்கு எட்டியிருந்தது. சிப்பாய்களை அனுப்பினால் வழியிலேயே குடித்துவிடுவார்கள். "சனிக்கிழமைக்குள் கொண்டு வா. உன் ஆளை நீ கூட்டிப் போகலாம்" என்றார். கொண்டுவராவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. கிடங்கின் கம்பி ஜன்னலில் மாணிக்கத்தின் முகம் தெரிந்தது. சட்டை இன்னும் புதுசாகத்தான் இருந்தது.

வீட்டில் வந்து சொன்னேன். பார்வதி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"திராட்சையா? உங்களுக்கு வெத்தலையத் தவிர எந்தக் கொடிங்க தெரியும்? என் தம்பி உசிர உங்க வாய நம்பி விட முடியாது. நானும் வர்றேன்."

செவ்வாய்க்கிழமை விடியலில் சைக்கிளில் கிளம்பினோம். பார்வதி பின்னால், அவள் மடியில் வெற்றிலைப் பெட்டி. சோறில்லாமல் இருந்துவிடுவாள், வெற்றிலை இல்லாமல் இருக்கமாட்டாள். அந்தக் காலத்தில் டயர் கிடையாது. ரப்பர் பாலை உறைய வைத்துத் திரித்த கெட்டிக் கயிற்றைச் சக்கரத்தில் சுற்றியிருந்தோம். ரப்பர் விளைகிற நாட்டில் காற்றடைக்க ஒரு டியூப் இல்லை. ஒவ்வொரு கல்லும் அவளுக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரிந்த ஒவ்வொன்றும் எனக்கும் தெரிவிக்கப்பட்டது.

மூடா பாலத்தில் இந்தப் பக்கம் ஜப்பான் காவலாளிக்கு ஒரு குனிவு, அந்தப் பக்கம் சயாம் காவலாளிக்கு ஒரு கும்பிடு. சயாம்காரன் என் தண்ணீர்ப் புட்டியை வாங்கித் திறந்து முகர்ந்தான். வெறும் தண்ணீர் என்று தெரிந்ததும் அவன் முகத்தில் ஏமாற்றம். திரும்பி வரும்போது இந்தப் பாலத்தில் ஒயினோடு வரக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன். பிறகு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தான். பித்தளைச் சுண்ணாம்புக் கரண்டகத்தை வெடிகுண்டைப் பார்ப்பதுபோல் பார்த்தான். பார்வதி ஒரு வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி மடித்து நீட்டினாள். வாங்கிப் போட்டுக்கொண்டு வழி விட்டான்.

எனக்கு மலைப்பக்கம் தெரிந்த ஒரே ஆள் காளிமுத்து. புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் தென்னை ஏறிக் கள் இறக்குபவர். யுத்தத்துக்கு முன் என் கடையில்தான் கலயமும் சுண்ணாம்பும் வாங்குவார். சுங்கைப்பட்டாணியில் சைக்கிளின் ரப்பர் கயிறு கழன்று பாம்பாக ஓடிவிட்டது. சைக்கிளை ஒரு தெரிந்த கடையில் போட்டுவிட்டுக் கரி பஸ் ஏறினோம். பின்புறம் அடுப்பு, அடுப்பில் கரி, கரிப்புகையில் ஓடுகிற பஸ். சமதரையில் அது எங்களைச் சுமந்தது, மேட்டில் நாங்கள் அதைத் தள்ளினோம். புக்கிட் செலம்பாவில் இறங்கியபோது என் வேட்டியும் சாலையும் ஒரே நிறம்.

காளிமுத்து அங்கே இல்லை. ஒரு பெண் மரவள்ளிக்கிழங்கு கொத்திக்கொண்டே சொன்னாள்.

"அவரு போயி மாசக்கணக்காச்சுலா அண்ணே. ரப்பர் மரத்தையெல்லாம் வெட்டித் தள்ளிட்டு ஊபிதான் போட்டிருக்கானுங்க. இங்க பொழைக்கிறது சூசாலா, ரொம்பக் கஷ்டம். அவரு ஜெராய் அடியில ஒரு தென்னந்தோட்டத்துக்குப் போயிட்டாரு. வாங்க, ஊபி அவிச்சிருக்கேன், சாப்பிட்டுப் படுத்துட்டுக் காலையில போங்க."

அன்று காலையில் வீட்டில் மரவள்ளி, மத்தியானம் வழியில் மரவள்ளி, இரவு புக்கிட் செலம்பாவில் மரவள்ளி. ஆனால் அந்தப் பெண் நெத்திலிக் கருவாட்டை வறுத்து மிளகாயோடு நசுக்கித் தொட்டுக்கொள்ளக் கொடுத்தாள். சின்னமனூரில் மாப்பிள்ளை விருந்தில் தின்ற கோழிகூட அவ்வளவு ருசிக்கவில்லை. முன்பின் தெரியாத இருவருக்குத் தன் பாயைக் கொடுத்துவிட்டு அவள் கோணிப்பையில் படுத்தாள். நான்கு நாளாகச் சாப்பிடாத பார்வதி அன்றுதான் சாப்பிட்டாள்.

புதன்கிழமை ஒரு மாட்டுவண்டியில் தொற்றிக்கொண்டு ஜெராய் அடிவாரம் சேர்ந்தோம். மேகமலையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு மலை என்றால் சுற்றமும் சூழலுமாக வரிசையாய் நிற்க வேண்டும். ஜெராய் வயலுக்கு நடுவில் தனியாக எழுந்து நிற்கிறது, சொந்தக்காரர்களோடு சண்டை போட்டுக்கொண்டு வந்ததுபோல.

காளிமுத்து தென்னை மரத்திலிருந்து எங்களைப் பார்த்துச் சறுக்கிக்கொண்டே இறங்கினார். விஷயத்தைச் சொன்னேன்.

"சிவப்பு ஒயினா? அப்படி ஒன்னும் இங்க இல்லையே அண்ணே" என்றார். அவர் கண் ஒரு கணம் குடிசைக்குப் பின்னால் போய் வந்தது. "மேல பங்களாவுல கொடி இருக்கு. காவலுக்கு பாக் மாட்னு ஒரு மலாய்க்காரரு. வேணும்னா காலையில கூட்டிட்டுப் போறேன்."

வியாழக்கிழமை ஏறினோம். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. பார்வதி புடவையைச் சொருகிக்கொண்டு எனக்கு முன்னால் போனாள். பாதிக்கு மேல் காற்று மாறிவிட்டது. கீழே முதுகில் ஒட்டியிருந்த சட்டை மேலே போகப் போகச் சில்லிட்டது. மேகம் எங்கள் காலுக்குக் கீழே போனது. மலாயாவுக்கு வந்து இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் குளிரில் பல் கிட்டித்தது. சொந்த ஊர் ஞாபகம் வந்து ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன் என்றால் கேலி செய்யாதீர்கள். நான் மூச்சு வாங்குகிறேன் என்றுதான் பார்வதி நினைத்தாள்.

பாக் மாட் தலையில் துண்டு கட்டிய ஒல்லி மனிதர். பங்களாவுக்குப் பின்னால் எங்களைக் கூட்டிப்போய்க் கொடியைக் காட்டினார். பந்தல் முழுக்க இலை. நல்ல பச்சை, நல்ல பெரிய இலை. பழம் இருந்த அடையாளமே இல்லை.

"துரை நட்டது" என்றார் மலாயில். "வருஷா வருஷம் இலை விடும். துரை வருஷா வருஷம் பார்த்துவிட்டுத் திட்டுவார். ஒரே ஒரு தடவை ஒரு கொத்துக் காய்த்தது. அதைக் குரங்கு தின்றது. துரை ஒயின் செய்தாராவது! ஊரிலிருந்து வந்த புட்டியைத் திறந்து ஊற்றிக்கொண்டு, விருந்தாளிகளிடம் இந்தக் கொடியைக் காட்டுவார்."

என்னைப் போலவே ஒரு வாய்வீரன். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பார்வதி உட்காரவில்லை. பங்களாவைச் சுற்றி நடந்துவிட்டு மடி நிறையக் கறுப்புப் பழம் கொண்டுவந்தாள்.

"ஏங்க, இது நம்மூர் தவிட்டுப்பழம்தானே?"

மேகமலையில் மாடு மேய்க்கும் பிள்ளைகள் வாயெல்லாம் ஊதாவாகத் தின்னும் அதே பழம். மலாய்க்காரர்கள் கெமுந்திங் என்கிறார்கள். கடித்துப் பார்த்தேன். சிறியது, தோல் தடித்தது, உள்ளே கருஞ்சிவப்புச் சாறு, கடைசியில் ஈறைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு. இதுவே கீழே கடற்கரை மணலில் விளைந்தால் பெரிதாக, கொழகொழவென்று, அசட்டு இனிப்பாக இருக்கும் என்றார் பாக் மாட். "கீழே உள்ள செடி வெயிலை மட்டும் சாப்பிடுகிறது. இது வெயிலையும் சாப்பிடுகிறது, குளிரையும் சாப்பிடுகிறது."

ஜப்பான் கேப்டன் சொன்னதையே, ஒயின் பக்கமே போகாத ஒரு முஸ்லிம் பெரியவர் சொல்கிறார். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. ஆனால் பழத்தைப் பிழிந்து ஊறவைத்துப் பொங்க வைக்க நாள் எங்கே இருக்கிறது என்று புலம்பினேன்.

பாக் மாட் காளிமுத்துவைக் காட்டினார். "இவரிடம் கேளுங்களேன். மாதா மாதம் என்னிடம் கூடை கூடையாக வாங்கிப் போகிறாரே. முட்டுவலிக்கு மருந்து என்றார்."

காளிமுத்து வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஒன்றும் இல்லை.

"அண்ணே" என்றாள் பார்வதி. "ஒங்க முட்டுக்கு மருந்து வேணுமா, என் தம்பி வேணுமா?"

"தங்கச்சி, தப்பா நெனைக்காதமா. சாராயம் காய்ச்சறேன்னு ஜப்பான்காரனுக்குத் தெரிஞ்சா அடிச்சே கொன்னுடுவான்லா. அதான் சொல்லல." அவர் மூக்கை உறிஞ்சினார். "ஒரே ஒரு ஜாடிதான் இருக்கு. எடுத்துக்குங்க."

மலையிறங்கியதும் குடிசைக்குப் பின்னால் மரவள்ளிப் பாத்தியைத் தோண்டினார். வாய் கட்டிய சீன ஜாடி வெளியே வந்தது. பழத்தைக் கசக்கி, கள் மண்டியைப் போட்டுப் பொங்கவிட்டு வடித்தது. கொட்டாங்குச்சியில் ஊற்றி முகர்ந்தேன். வாசனை ஏ ஒன். குடித்தேன். காது சூடானது. துவர்ப்பு இருந்தது. ஆனால் நிறம்? கழுவிய ரோஜா இதழ் போல வெளிறிக் கிடந்தது. காளிமுத்து ஆசையில் ஜாடி நிரம்பட்டும் என்று தென்னங்கள்ளை ஊற்றி வைத்திருக்கிறார்.

கேப்டன் கேட்டது கருஞ்சிவப்பு. அவர் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். நாங்கள் மூவரும் ஜாடியைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தோம்.

"நெறந்தானே கொறை?" என்றாள் பார்வதி. "ஆரத்திக்கு எப்படிச் செவக்க வைக்கிறோம்?"

தமிழ் வீடுகளில் இது யாருக்குத்தான் தெரியாது? மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்தால் ரத்தச் சிவப்பு. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவினால் வாய் சிவப்பு. சிவக்க வேண்டும் என்றால் சுண்ணாம்பு. நான் தலையாட்டினேன், காளிமுத்துவும் தலையாட்டினார். எங்கள் பரம்பரையில் எத்தனை பேர் உயிரோடு எழுந்து வந்திருந்தாலும் அத்தனை பேரும் தலையாட்டியிருப்பார்கள்.

பார்வதி கரண்டகத்திலிருந்து ஒரு விரல் எடுத்துப் போட்டுக் கலக்கினாள். நிறம் சற்றுக் கறுத்தது. "பாத்தீங்களா!" என்றாள். இன்னொரு விரல் போட்டாள். ஊதா ஆனது. ஊதாவுக்கு அடுத்தது சிவப்புத்தான் என்று நான் அடித்துச் சொன்னேன். கரண்டகத்தை அப்படியே கவிழ்த்துத் தட்டினாள்.

ஜாடியில் இருந்தது நீலமானது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலத்திலிருந்து பச்சைக்குப் போனது. மயில் கழுத்து நிறம். பட்டுப்புடவைக்கு வெகு பொருத்தம்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. காளிமுத்துதான் முதலில் வாயைத் திறந்தார். "என் ஜாடி" என்றார், எழவு வீட்டில் சொல்வதைப் போல. பார்வதி காலி கரண்டகத்தை இடுப்பில் சொருகினாள். அவள் அழுது நான் பார்த்ததே குறைவு. அன்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "நானே அவனை ரயிலேத்திட்டேனே! என் கையாலயே ஏத்திட்டேனே!" என் பொய்யிலிருந்து தொடங்கிய வினை இது, அவள் தலையில் விடிந்தது என்று எனக்குத் தாங்கவில்லை. தேற்றப் போனேன். தள்ளிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சமையலில் எது கெட்டாலும் அவளுக்கு ஒரே வைத்தியம். உப்புக் கூடினால் புளி, காரம் கூடினால் புளி, கத்தரிக்காய் கசந்தால் புளி. சுண்ணாம்பு கூடினால்?

"அண்ணே, வீட்டுல புளி இருக்கா?"

"ஊர்ப் புளிக்கு எங்கமா போறது? அசாம் இருக்கு."

அசாம் என்றால் இங்கே மீன் குழம்புக்குப் போடுவார்கள், ஒருவகைக் காட்டுப் புளிப்புக்காயைச் சீவிக் காய வைத்த வில்லைகள். அதைக் கொதிக்க வைத்துச் சுண்டக் காய்ச்சி, ஆறவிட்டு ஜாடியில் ஊற்றினாள். புசுபுசுவென்று நுரைத்தது. பச்சை நீலமானது. நீலம் ஊதாவானது. அவள் கை நிற்கவில்லை, இன்னும் ஊற்றினாள். ஊதா விலகியது, உள்ளிருந்து சிவப்பு எழுந்து வந்தது. முன்பிருந்த ரோஜா இல்லை. நல்ல செக்கச்செவேல் என்று, மேலே பார்த்தால் கறுப்பாக, ஓரத்தில் தீயாக.

காளிமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் ஒரு வாய் குடித்தேன். நாக்கின் ஓரத்தில் ஊசி குத்தியது. அப்புறம் ஈறெல்லாம் இழுத்தது. கண்ணில் நீர் வந்தது. மாமியார் வந்துவிட்டாள் என்று கத்தினேன். பார்வதிக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று விளங்கவில்லை, நானும் விளக்கவில்லை. சுண்ணாம்பு மண்டி அடியில் படிந்ததும் துணியில் வடித்தோம். வழியில் கொட்டினால் ஈடுக்கு ஆகட்டும் என்று காளிமுத்து ஒரு சோடாப் புட்டியில் தனியாகக் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பாலத்து வழியை விட்டு, மாட்டுவண்டியும் நடையுமாகக் கடற்கரைப் பக்கம் கோத்தா கோலா மூடாவுக்கு வந்தோம். அங்கே ஆறு கடலில் கலக்கிறது. ஒரு மலாய் மீனவர் எங்களை அக்கரை சேர்க்க ஒப்புக்கொண்டார். ஜாடியில் என்ன என்று கேட்டார். ஊறுகாய் என்றேன். உள்ளே கள் மண்டி தன் வேலையை நிறுத்தவில்லை என்பது எங்களுக்குத் தெரியாது. நடு ஆற்றில், அக்கரைக் காவல் கொட்டகை கண்ணுக்குத் தெரியும் இடத்தில், 'டமால்' என்று அடைப்பான் பறந்தது. மீனவர் துடுப்பைப் போட்டுவிட்டுப் படகுக்குள் குப்புற விழுந்தார். நான் அவர் மேல் விழுந்தேன். பார்வதி மட்டும் பாய்ந்து ஜாடியின் வாயில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கரையிலிருந்து யாரும் வரவில்லை. மீனவர் எழுந்து சட்டையில் தெறித்த சிவப்பைத் தடவிப் பார்த்துத் தனக்குக் குண்டு படவில்லை என்று தெரிந்துகொண்டார். "தமிழர்கள் ஊறுகாய் பொல்லாதது" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் கேப்டன் முன்னால் ஜாடியை வைத்தேன். அவர் கண்ணாடிக் குவளையில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தலையசைத்தார். முகர்ந்தார். வாயில் வைத்துக் கன்னத்துக்குக் கன்னம் புரட்டினார். முகம் சுருங்கியது. கண்ணை மூடிக்கொண்டார். எனக்குக் குலதெய்வத்தின் பெயர்கூட மறந்துவிட்டது.

லிம் மெதுவாகச் சொன்னார். "இது திராட்சை இல்லை என்கிறார்."

நான் தரையைப் பார்த்தேன். வாசலுக்கு வெளியே பார்வதி நிற்பது நிழலில் தெரிந்தது.

கேப்டன் இன்னொரு வாய் குடித்தார். ஏதோ சொன்னார். சொல்லிவிட்டுத் தொடையில் தட்டிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். லிம்முக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அவருடைய அப்பாவும் வீட்டில் ஒயின் செய்வாராம். ஊரிலேயே மோசமான ஒயினாம். இதே புளிப்பாம், இதே துவர்ப்பாம், குடித்தால் இதே மாதிரிக் கண்ணில் தண்ணீர் வருமாம். ராத்திரி விருந்துக்கு வரும் மேலதிகாரியும் சின்ன வயதில் பக்கத்து வீட்டில் இருந்து அதைத்தான் திருடிக் குடித்தாராம். நல்ல ஒயின் எங்கேயும் கிடைக்கும், இந்த மோசம் மலையில்தான் கிடைக்கும் என்கிறார்."

கேப்டன் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையைக் கிடங்குப் பக்கம் வீசினார்.

மாணிக்கம் வெளியே வந்தான். சட்டை அழுக்காகியிருந்தது. அவனுக்குப் பின்னால் கம்பி ஜன்னல் முழுக்க முகங்கள். யாரும் கூப்பிடவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். நான் அவன் தோளைப் பிடித்து வேகமாக நடத்தினேன். திரும்பிப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. சாலை திரும்பியதும் மாணிக்கம் வாயைத் திறந்தான்.

"அத்தான், எனக்குப் பக்கத்துல படுத்திருந்தவன் பாடாங் செராய்க்காரன். என் வயசுதான்."

"வாடா மாப்ளே" என்றேன்.

பார்வதி எங்களுக்கு முன்னால் ஓடிப்போய் வீட்டு வாசலில் கையை நீட்டித் தடுத்தாள். சாவிலிருந்து தப்பி வந்தவன் ஆரத்தி எடுக்காமல் வாசல்படி மிதிக்கக்கூடாது. தட்டை எடுத்தாள், தண்ணீர் ஊற்றினாள், மஞ்சளைக் கரைத்தாள், இடுப்பிலிருந்து கரண்டகத்தை எடுத்துத் திறந்தாள். காலி. மொத்தச் சுண்ணாம்பையும் ஜெராய் அடிவாரத்தில் கொட்டிவிட்டு வந்திருக்கிறோம். மஞ்சள் தண்ணீர் மஞ்சளாகவே கிடந்தது. கடையில் சுண்ணாம்பு தீர்ந்து மாதங்கள் ஆகியிருந்தன.

அவள் தட்டுத் தண்ணீரைக் கொட்டினாள். என் பையிலிருந்து காளிமுத்து கொடுத்த சோடாப் புட்டியைப் பிடுங்கி, அடைப்பானைப் பல்லால் கடித்துத் திறந்து, தட்டில் ஊற்றினாள். கருஞ்சிவப்பு. நடுவில் வெற்றிலை வைத்து எண்ணெய்த் திரி ஏற்றினாள். தெருவெல்லாம் கள் வாசனை அடிக்க, தன் தம்பியைக் கிழக்குப் பார்த்து நிறுத்தி மூன்று சுற்றுச் சுற்றினாள். அதைத் தொட்டு அவன் நெற்றியில் பொட்டு வைத்தாள். மாணிக்கம் அப்போதுதான் அழுதான்.

முச்சந்தியில் கொட்டப் போனவள் கொட்டவில்லை. ரயில் நிலையம் இருக்கும் திசைக்குத் திரும்பித் தட்டைத் தூக்கி இன்னும் மூன்று சுற்றுச் சுற்றினாள். ஒரு சுற்றுக்கு ஒருமுறை உதடு அசைந்தது. அந்த ஜன்னலில் இருந்தவர்களின் பெயர் ஒன்றும் அவளுக்குத் தெரியாது. பிறகு குனிந்து, அவ்வளவையும் மண்ணில் ஊற்றினாள்.